ஸ்கேனில் 14 மி.மீ., நோயியல் அறிக்கையில் 22 மி.மீ.: எதை நம்புவது?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடப்பதால், முதலில் அதைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். உங்கள் தாயாரின் இடது மார்பில் 14 மி.மீ. கட்டி இருப்பதாக அல்ட்ராசவுண்ட் சொன்னது; பை-ராட்ஸ் 5 (படத்தை வைத்துப் புற்றின் சந்தேகத்தை அளவிடும் குறியீட்டில் மிக வலுவான சந்தேகம்) என்று குறித்தார்கள்; ஊசியால் திசுத் துண்டு எடுக்கும் கோர் பயாப்ஸியில் ஊடுருவும் புற்று, தரம் 2 (அணுக்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைக் காட்டும் மூன்று படிகளில் நடுப்படி) என்று வந்தது. மூன்று வாரம் கழித்து, மார்பை முழுவதும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. இறுதி நோயியல் அறிக்கையோ, ஊடுருவும் புற்று 22 மி.மீ., டி.சி.ஐ.எஸ். (பால் நாளத்துக்குள்ளேயே அடங்கிய புற்று) உட்பட மொத்தப் பரப்பு 38 மி.மீ., டி.சி.ஐ.எஸ். வெட்டு விளிம்பிலிருந்து 1 மி.மீ. தொலைவில் இருக்கிறது என்கிறது. இதற்கிடையே வலது மார்பில் மேமோகிராம் காட்டிய கால்சியத் துகள்களை அதே பை-ராட்ஸ் குறியீட்டில் 4பி என்று வகைப்படுத்தி பயாப்ஸி எடுத்தார்கள். அது தீங்கற்றது என்று வந்த பிறகும் மறுபடி பயாப்ஸி எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஸ்கேன் பார்த்தவர் தவறிவிட்டாரா, ஆய்வகம் தவறிவிட்டதா, அல்லது மூன்று வாரத்தில் கட்டி வளர்ந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். படமும் திசுவும் ஒத்துப்போகாதபோது அந்த வேறுபாட்டுக்கு யார் கணக்குச் சொல்வது என்பதுதான் இதன் அடியில் இருக்கும் கேள்வி.

நான் நோயியல் மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் வேலை நேரத்தின் பெரும்பகுதி மார்பகத் திசுவோடுதான் கழிந்திருக்கிறது. ஆனால் உங்கள் தாயாரின் படங்களையோ ஸ்லைடுகளையோ நான் பார்க்கவில்லை. ஆகவே யார் மீதாவது தவறு இருக்கிறதா என்று இங்கிருந்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. இத்தகைய வேறுபாடுகள் எப்படி உண்டாகின்றன, எவை வழக்கமானவை, எவற்றை விடாமல் துருவிக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மூன்று வாரத்தில் வளர்ந்துவிட்டதோ என்ற கவலையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். விட்டம் 14-லிருந்து 22 ஆவது சிறிய மாற்றமாகத் தோன்றும். கன அளவில் பார்த்தால் அது ஏறக்குறைய நான்கு மடங்கு, அதாவது கட்டி இரண்டு முறை இரட்டிப்பாகியிருக்க வேண்டும். மார்பகப் புற்று ஒரு முறை இரட்டிப்பாவதற்கே பெரும்பாலும் மாதக்கணக்கில் ஆகிறது. இருபத்தொரு நாளில் இரண்டு முறை என்பது, அதுவும் தரம் 2 கட்டியில், நம்பத்தகுந்ததல்ல. அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்த நாட்களைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் அந்த 8 மி.மீ. எங்கிருந்து வந்தது? அல்ட்ராசவுண்ட் உயிரணுக்களைப் பார்ப்பதில்லை. ஒலி எங்கே எதிரொலிக்கிறது, எங்கே விழுங்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்கிறது. கட்டியின் நடுப்பகுதியில் நார்த்திசு அடர்ந்திருந்தால் அது கருமையாகத் தெரியும், அதன் பின்னால் நிழல் விழும். அந்தக் கருமையைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறிய வளையம் ஒன்று இருப்பதுண்டு. கட்டி சுற்றியுள்ள கொழுப்புக்குள் விரல் நீட்டும் இடம் அது. அளவெடுக்கும்போது அந்த வளையத்தையும் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் கருமையின் ஓரத்தில் மட்டும் குறிகளை வைத்தால் இரு பக்கமும் சேர்த்து இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் போய்விடும். நிழல் விழுந்தால் கட்டியின் பின்புற எல்லையே மறைந்துவிடுவதும் உண்டு. அல்ட்ராசவுண்ட் பொதுவாகவே ஊடுருவும் புற்றின் அளவைக் குறைத்துக் காட்டும் பக்கம் சாய்வது என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்ட விஷயம். எம்.ஆர்.ஐ. திசுவின் அளவுக்கு நெருங்கி வரும். ஆனால் அதற்காக நரம்பில் செலுத்தும் மருந்து ஏறி ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல என்பதால் சில நேரம் கூட்டிக் காட்டும்.

எங்கள் பக்கத்து அளவும் கடவுள் வாக்கு அல்ல. அறுவை அரங்கிலிருந்து வரும் திசு, நூல் முடிச்சுகளால் திசை குறிக்கப்பட்டு வருகிறது. அதன் ஆறு பக்கங்களுக்கும் வெவ்வேறு நிற மை பூசுகிறோம். பிறகு மூன்று முதல் ஐந்து மி.மீ. தடிமனுள்ள வில்லைகளாக அறுத்து வரிசையாக அடுக்குகிறோம். கத்தி மஞ்சள் கொழுப்பின் வழியே சறுக்கிக்கொண்டு போகும். கட்டியைத் தொட்டதும் மணலை அறுப்பதுபோல் நறநறக்கும். வெளிறிய சாம்பல் நிறத்தில், ஓரங்கள் நட்சத்திரம்போல் இழுபட்டு, சற்றே உள்வாங்கி நிற்கும் அந்த முகத்தை அளவுகோலால் அளப்பது எளிது. ஆனால் கட்டியின் நீண்ட அச்சு வில்லைகளுக்குக் குறுக்கே போனால், அளவுகோலை எங்கே வைப்பது? கட்டி ஐந்து வில்லைகளில் தெரிகிறது, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மி.மீ., ஆகவே 20 மி.மீ. என்று கணக்கிடத்தான் முடியும். ஒரு வில்லை சற்றுத் தடிமனாகிவிட்டால் கணக்கும் நகர்ந்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் பார்க்கும்போது, கண்ணுக்குக் கட்டியாகத் தெரிந்ததில் ஒரு பகுதி வெறும் நார்த்திசு என்றோ, அதற்கு வெளியே இருந்த கொழுப்பிலும் புற்று அணுக்கள் பரவியிருக்கின்றன என்றோ தெரியவந்து அளவு மாறும். எனவே ஸ்கேனுக்கும் ஸ்லைடுக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபட்டால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. 8 மி.மீ. என்றால் விளக்கம் தேட வேண்டும். தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

நோயின் நிலையை (ஸ்டேஜ்) தீர்மானிக்க எது கணக்கில் வரும் என்பதில் ஐயமில்லை. அறுவை சிகிச்சை முதலில் நடந்திருந்தால், நுண்ணோக்கியில் உறுதிசெய்யப்பட்ட ஊடுருவும் பகுதியின் மிகப் பெரிய அளவு மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். கட்டியின் அளவைக் குறிக்கும் பிரிவுகளில் 20 மி.மீ. வரை டி1, அதற்கு மேல் 50 மி.மீ. வரை டி2. ஆகவே 14 என்ற எண் டி1-ஐயும் 22 என்ற எண் டி2-ஐயும் குறிக்கின்றன. 38 என்ற எண் இந்தக் கணக்கில் நுழையவே நுழையாது, ஏனென்றால் அதில் நாளத்தைத் தாண்டாத டி.சி.ஐ.எஸ். சேர்ந்திருக்கிறது. அந்த 38-ஐப் பார்த்துத்தான் நீங்கள் அதிகம் பயந்திருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. அமெரிக்கக் கூட்டுப் புற்றுநோய்க் குழு வெளியிட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு நிலை வகைப்பாடு, அளவு, நிணநீர்க்கணு ஆகியவற்றோடு தரம், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகள் (புற்று அணுக்களில் அந்த ஹார்மோன்களைப் பற்றும் புரதங்கள்), ஹெர்2 என்ற இன்னொரு ஏற்பி ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கிறது. அந்தக் கணக்கில் இரண்டு மில்லிமீட்டர் எல்லையைத் தாண்டியது மட்டுமே எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடாது.

அந்த 38 மி.மீ. ஏன் ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்கு வருகிறேன். டி.சி.ஐ.எஸ். என்பது பால் நாளத்தின் சுவருக்குள் அடங்கி, நாளத்தின் வழியே ஊர்ந்து பரவும் புற்று. கட்டியாகத் திரளாததால் அல்ட்ராசவுண்டில் அது பெரும்பாலும் தெரியாது. மேமோகிராம் அதைக் காண்பது அது விட்டுச்செல்லும் சுண்ணத்தின், அதாவது கால்சியத் துகள்களின், வழியாகத்தான். உயர் தரத்தில் நாளத்தின் நடுவே அணுக்கள் மடிந்து, அந்த மடிந்த குவியலில் கால்சியம் படிந்து, நாளத்தின் அச்சு வார்ப்புப்போல மெல்லிய கோடுகளாகக் கிளைத்துத் தெரியும். தாழ்ந்த தரத்திலோ துகள்கள் நுண்ணியவை, உருண்டையானவை, ஆங்காங்கே மட்டும் இருப்பவை. இரண்டு துகள் கூட்டங்களுக்கு நடுவே சுண்ணமே இல்லாத நோய் நீளமாகக் கிடக்கலாம். அதனால் தாழ்ந்த தரத்தில் மேமோகிராம் உண்மைப் பரப்பைக் குறைத்துக் காட்டுவது அதிகம். 1985-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ரோலண்ட் ஹாலண்டும் அவர் குழுவும், முழுவதும் அகற்றப்பட்ட மார்புகளை வில்லை வில்லையாக அறுத்து, ஒவ்வொரு வில்லையையும் எக்ஸ்ரே எடுத்து, திசுவோடு பொருத்திப் பார்த்தார்கள். ஒற்றைச் சிறு கட்டி என்று கருதப்பட்டவற்றில் ஐந்தில் இரண்டுக்கும் சற்று மேற்பட்டவற்றில், முதன்மைக் கட்டியிலிருந்து 2 செ.மீ.க்கு அப்பாலும் புற்றின் தீவுகள் இருந்தன. மார்பைப் பாதுகாக்கும் அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தரப்படுவதன் நியாயம் இதில் விளங்கும். படத்தில் தெரியாதவை இருந்தே தீரும் என்று எடுத்துக்கொண்டுதான் சிகிச்சை வகுக்கப்பட்டிருக்கிறது; ஸ்கேன் பார்த்தவரின் கவனக்குறைவை ஈடுகட்ட அல்ல.

மேமோகிராமின் கதையே படத்தையும் திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் தொடங்குகிறது என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1913-இல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், அகற்றப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகத் திசுக்களை எக்ஸ்ரே எடுத்து நுண்ணோக்கிக் காட்சியோடு ஒப்பிட்டார். உயிருள்ள ஒருவரின் மார்பைப் படமெடுத்து நோயைத் தேடும் முறை வழக்கத்துக்கு வந்தது அதற்கு வெகு காலத்துக்குப் பின்னர்தான்.

இனி அந்த 1 மி.மீ. விளிம்பு. இங்கே அறிக்கைகள் நிறையக் குழப்பம் தருவதால் சற்று நின்று சொல்கிறேன். டி.சி.ஐ.எஸ். மட்டுமே இருக்கும் நோய்க்கு 2 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க அறுவைப் புற்றியல், கதிர்வீச்சுப் புற்றியல் அமைப்புகளின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஊடுருவும் புற்றோடு டி.சி.ஐ.எஸ். சேர்ந்திருக்கும்போது, மை பூசிய விளிம்பில் புற்று படவில்லை என்றால் போதும் என்பது 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உங்கள் தாயாருடையது இரண்டாம் வகை. எனவே 1 மி.மீ. என்ற எண்ணை மட்டும் வைத்து மறு அறுவை கட்டாயம் என்று சொல்லிவிட முடியாது. அதே நேரம், டி.சி.ஐ.எஸ். இவ்வளவு நீண்டிருந்து, அது விளிம்புக்கு அருகே பல இடங்களில் வருமானால், மார்புக்குள் கணிசமாக மிச்சம் இருக்கும் வாய்ப்புக் கூடும். இங்கே மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும், வேறுபடுவதில் தவறும் இல்லை. இந்த இடத்தில் படம் மறுபடி உதவுகிறது: முதல் மேமோகிராமில் கட்டியைச் சுற்றித் துகள்கள் இருந்தனவா, வெட்டியெடுத்த திசுவின் எக்ஸ்ரேயில் அவை எல்லாம் வந்துவிட்டனவா, அறுவைக்குப் பிந்தைய மேமோகிராமில் ஏதேனும் மிச்சம் நிற்கிறதா. திசுவில் பார்த்த டி.சி.ஐ.எஸ்.ஸில் கால்சியம் இருந்தது என்று நோயியல் அறிக்கை சொன்னால்தான் இந்தக் கேள்விகளுக்குப் பயன் உண்டு. கால்சியம் இல்லாத டி.சி.ஐ.எஸ். என்றால் மேமோகிராம் சுத்தமாக இருப்பது எந்த உறுதியையும் தராது.

படத்தைப் பார்த்தே எந்த வகைப் புற்று என்று சொல்ல முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓரளவு ஊகிக்கலாம். முட்கள்போல் ஓரம் நீண்ட கட்டி, சுற்றியுள்ள திசுவை இழுத்து நார்த்திசுவை வளர்த்துக்கொள்ளும் புற்று. அது பெரும்பாலும் மெதுவானது, தாழ்ந்த அல்லது நடுத்தர தரத்தது. வழவழப்பான உருண்டையாக, ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணத் தீங்கற்ற கட்டி என்று ஏமாற்றும் தோற்றத்தில் வருபவற்றில்தான், மூன்று ஏற்பிகளும் இல்லாத வேகமான புற்றுகள் ஒளிந்திருப்பதுண்டு. பார்வைக்குக் கொடூரமாக இருப்பது சாதுவாகவும், சாதுவாக இருப்பது கொடூரமாகவும் அமையும் இந்த முரணை மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் நம்ப மறுப்பார். நுண்மடல் (லோபுலர்) வகைப் புற்று இன்னொரு சிக்கல்: அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் இல்லாமல் போவதால், அவை ஒற்றை வரிசையில் நார்த்திசுவின் இடுக்குகளில் நுழைந்து செல்லும், கட்டியும் தராது, சுண்ணமும் அதிகம் தராது. அதில் ஸ்கேனுக்கும் ஸ்லைடுக்கும் இடையே ஓரிரு சென்டிமீட்டர்கூட வேறுபடலாம். உங்கள் தாயாரின் அறிக்கையில் வகை எது என்று நீங்கள் எழுதவில்லை. நுண்மடல் வகை என்றிருந்தால் 14-க்கும் 22-க்கும் இடையே இருப்பது மர்மமே அல்ல. எவ்வாறாயினும் தரம், ஏற்பிகள், ஹெர்2 ஆகியவற்றைப் படத்திலிருந்து யாரும் முடிவுசெய்வதில்லை. நிணநீர்க்கணுவிலும் அப்படித்தான்: 2 மி.மீ.க்கு உட்பட்ட பரவல் அல்ட்ராசவுண்டுக்கு எட்டாது, ஸ்லைடுக்கு எட்டும்.

வலது மார்புக்கு வருவோம். என் பார்வையில் உங்கள் கடிதத்தில் அவசரமான பகுதி இதுதான். 4பி என்றால் புற்றாக இருக்க நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஐம்பது வரை வாய்ப்பு என்று கதிரியல் மருத்துவர் மதிப்பிட்டிருக்கிறார். பயாப்ஸியில் தீங்கற்ற மாற்றம் என்று வந்தால் அது நல்ல செய்திதான்; ஆனால் எந்தத் துகள்களுக்காக ஊசி போட்டார்களோ அந்தத் துகள்கள் ஸ்லைடில் இருக்க வேண்டும். அவற்றின் இருப்பை அறிக்கை சொல்லவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த அறிக்கை, ஊசி சென்ற இடத்தில் புற்று இல்லை என்று மட்டுமே சொல்கிறது. சந்தேகத்துக்குரிய இடத்துக்கு ஊசி சென்றதா என்பது இன்னும் பதிலில்லாத கேள்வி. இதைத்தான் நாங்கள் பொருந்தாத தீங்கற்ற முடிவு என்கிறோம். அதற்கு மறு பயாப்ஸி என்பது சரியான நடைமுறை, தவறை மறைக்கும் முயற்சி அல்ல.

ஆனால் ஊசியை மறுபடி எடுப்பதற்கு முன் ஆய்வகம் செய்யக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன. எடுத்த துண்டு 2 மி.மீ. தடிமன், ஸ்லைடில் வைக்கும் சீவல் 4 மைக்ரான். முழுத் துண்டையும் சீவினால் 500 சீவல்கள் வரும். நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது சில மட்டங்களை மட்டுமே. துகள், திசுத் துண்டைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டிக்குள் இன்னும் ஆழத்தில் கிடக்கலாம். மெழுகுக் கட்டியையே எக்ஸ்ரே எடுத்தால் அது இருக்கும் ஆழம் தெரிந்துவிடும். அதுவரை சீவிக்கொண்டு போகலாம். இன்னொன்று, கால்சியம் ஆக்சலேட் என்ற வகை, வழக்கமான சாயத்தில் நிறமே ஏற்காமல் கண்ணாடித் துண்டுபோல் கிடக்கும். முனைவுற்ற ஒளியில் (ஒரே திசையில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளி) பார்த்தால்தான் மின்னும். பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு துண்டில் கால்சியம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கதிரியல் மருத்துவர் துண்டுகளின் எக்ஸ்ரேயோடு என் அறைக்கே வந்து, படத்தில் ஐந்து வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். முனைவு வடிகட்டியைச் சுழற்றியதும் அந்த ஐந்தும் ஒரு தீங்கற்ற நீர்க்கட்டியின் உள்ளே பளிச்சென்று எழுந்து நின்றன. அவர் வராமல் இருந்திருந்தால் அந்தப் பெண்மணிக்குத் தேவையற்ற இன்னொரு ஊசி விழுந்திருக்கும். இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு: மேமோகிராமுக்கு ஏறத்தாழ 100 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் தெரியாது, நுண்ணோக்கிக்கோ அவை நன்றாகத் தெரியும். ஆகவே ஸ்லைடில் எங்கோ ஒரு சிறு துகளைப் பார்த்துவிட்டு, கால்சியம் உள்ளது என்று எழுதுவதால் மட்டும் கணக்கு நேராகிவிடாது. படத்தில் கண்ட கூட்டத்துக்கு ஈடான அளவும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும்.

பயாப்ஸியில் டி.சி.ஐ.எஸ். மட்டும் என்று வந்தவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் முழு அறுவைக்குப் பின் ஊடுருவும் புற்றும் காணப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஊசித்துண்டு என்பது மாதிரி மட்டுமே. வலது மார்பில் இரண்டாவது முறை எடுத்தால், வெற்றிட உறிஞ்சல் கொண்ட தடித்த ஊசியால் எடுப்பார்களா, எடுத்தவுடன் துண்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களா, அந்த இடத்தில் உலோகக் குறி வைப்பார்களா என்று கேளுங்கள்.

கேட்க வேண்டிய இடம் ஒன்றுதான்: உங்கள் மருத்துவமனையில் கதிரியல், நோயியல், அறுவை, புற்றியல் மருத்துவர்கள் ஒன்றாக உட்காரும் கூட்டம் இருந்தால், உங்கள் தாயாரின் பெயர் அதில் வைக்கப்பட்டதா என்று கேளுங்கள். வைக்கப்பட்டிருந்தால், அளவு வேறுபாட்டுக்கு இது காரணம், வலது மார்பின் முடிவு படத்தோடு பொருந்துகிறது அல்லது பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுத்தில் இருக்கும். இருவேறு அறிக்கைகளை உங்கள் கையில் கொடுத்து நீங்களே பொருத்திக்கொள்ளுங்கள் என்று விடுவதுதான் எனக்கு ஏற்கவியலாத நடைமுறை. வேறு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக்குப் போவதென்றால் அறிக்கைத் தாள்களோடு நிற்காமல், மேமோகிராம் படங்களின் குறுந்தட்டு, அறுத்த திசுவின் எக்ஸ்ரே, ஸ்லைடுகள், மெழுகுக் கட்டிகள் ஆகிய நான்கையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். இடது மார்பின் மறு அறுவை பற்றி முடிவெடுக்கும் முன் வலது மார்பின் விடை கையில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மயக்க மருந்தில் தீர்வு காண வாய்ப்பிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.